மாத்திரைக் கவர் இல்லாத நோய்

பிரபு,

நீ செய்த தவறை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுதினால் பாதியில் மடித்து வைத்துவிட்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிடுவாய். உன் மனைவி ரேவதிக்கு, கர்ப்பமாக இருக்கும்போது வரும் மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது என்று கடலூர் டாக்டரம்மா உன்னிடம் சொன்னார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வாராவாரம் புதன்கிழமை கூட்டி வாருங்கள், பேச்சு வைத்தியத்தில் பார்ப்போம், வீட்டில் இன்னின்னது செய்யுங்கள் என்றும் சொன்னார். நீ அதில் ‘மாத்திரை வேண்டாம்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தாய். மீதியைக் கடலூரிலேயே விட்டுவிட்டாய். அடுத்து வந்த ஐந்து புதன்கிழமைகளில் ஒன்றுக்கு மட்டும் கூட்டிப்போனாய். நான்கை நீயே போன் செய்து ரத்து செய்தாய். செய்ததை என்னிடமும் சொல்லவில்லை, அவளைப் பெற்றவர்களிடமும் சொல்லவில்லை. அடுத்த புதனாவது வருவீர்கள் என்று டாக்டரம்மா நினைத்துக்கொண்டிருந்தார். வைத்தியமே தேவையில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி குவார்ட்டர்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இதுதான் நீ செய்தது.

நேரில் சொல்லக்கூடாதா என்று உன் அப்பா கேட்கிறார். நேரில் சொன்னால் நீ ஹெல்மெட்டைத் தேடுகிறாய். போனில் சொன்னால் “ஷிஃப்ட்ல இருக்கேம்மா” என்கிறாய், பின்னால் டிவி ஓடும் சத்தம் எனக்குக் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். இதை உன் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நீ மறைத்ததால்தான் இவ்வளவும் நடந்தது, அதை நானும் மறைத்து மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை. ரேவதியிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். “எழுதுங்க அத்தை. ஆனா என்னப் பாவம்னு மட்டும் எழுதிடாதீங்க” என்றாள். எழுதமாட்டேன். அவள் பாவம் இல்லை. அவளுக்கு ஒரு நோய், அவ்வளவுதான்.

முதல் தடவை நீங்கள் இரண்டு பேரும் கடலூர் போய்விட்டு வந்த அன்று நான் உன் குவார்ட்டர்ஸில்தான் இருந்தேன். நம் சுரங்க டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவன் நீ, உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவரின் முகத்தை இங்கே யாரும் முதலில் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். கவர் இருக்கிறதா, எத்தனை கவர், உள்ளே எத்தனை அட்டை. ஒரு கவர் என்றால் காய்ச்சல். மூன்று கவர் என்றால் ஆள் படுத்துவிட்டார் என்று பிளாக் முழுக்கச் செய்தி போய்விடும். கவர் இல்லாமல் வந்தால் ‘ஒண்ணும் இல்லையாம்’. நாற்பது வருஷமாக நாங்கள் இப்படித்தான் நோயை அளந்தோம். நானும் வாசலில் நின்று உன் கையைத்தான் பார்த்தேன்.

“மருந்து எங்கடா?”

“மருந்தே வேணாம்னுட்டாங்கம்மா.”

அவ்வளவுதான் கேட்டேன். ரேவதி பைக்கில் இருந்து இறங்கி, துப்பட்டாவைக்கூடச் சரிசெய்யாமல் உள்ளே போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். எதிரே வந்த இரண்டு பேரிடம் “மாத்திரையே வேணாமாம்” என்று நானாகச் சொன்னேன். உன் தவறைச் சொல்ல வந்தவள் என் தவறையும் எழுதத்தான் வேண்டும். தேங்காய் உடைத்தவள் நான்.

அதோடு நின்றேனா? இரண்டாவது வாரம் அவள் கடலூர் போகவேண்டும் என்று வாய் திறந்தபோது, “பேசறதுக்கு அம்மாந்தூரம் போவணுமா? எங்கிட்டப் பேசேன்” என்று சொன்னவளும் நான்தான். அவளும் நம்பி எதிரே வந்து உட்கார்ந்தாள். “எனக்கு எதுவுமே பிடிக்கல அத்தை” என்று ஆரம்பித்தாள். நான் விட்டேனா? நாங்க எல்லாம் புள்ள பெத்துக்கலயா, எட்டு மாசத்துல குடம் குடமா தண்ணி தூக்கினேன், நல்லதை நினை, சாமி படத்தைப் பாரு, மொபைலைத் தூரப் போடு என்று முக்கால் மணி நேரம் பேசினேன். அவள் சொன்னது ஒரு வாக்கியம். முடிந்ததும் “சரிங்க அத்தை” என்று எழுந்து போனாள். நன்றாகப் பேசி அவளைத் தேற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் வடக்குத்து கிராமத்தில் இருக்கும் நம் வீட்டுக்கு பஸ் ஏறினேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நீயோ உன் பங்குக்கு ஒரு நோயைக் கண்டுபிடித்தாய். “ரேவதி ஏன் டல்லா இருக்கு?” என்று யாராவது கேட்டால் “ரத்தம் கம்மி” என்றாய். ரத்தம் கம்மி என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள், கேட்டவர்களுக்கும் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிடும். பிளாக்கில் இருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு பீட்ரூட்டோடு வந்தார்கள். உன் ஃபிரிட்ஜைத் திறந்தபோது மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் பீட்ரூட். இவ்வளவு பேர் அந்தப் பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறார்கள், காய் கொடுத்திருக்கிறார்கள், ஒருத்தருக்கும் அவளுக்கு என்ன என்று தெரியவில்லை. தெரிய விடாதவன் நீ.

அந்த வெள்ளிக்கிழமையை உனக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல நீ விடவில்லை. நீ முதல் ஷிஃப்ட்டில் இருந்தாய். பதினொரு மணிக்கு நான் முருங்கைக்காயோடு வந்தேன். கதவு தாழ் போடாமல் இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அணைந்துபோய், மேடை எல்லாம் காய்ந்து ஒட்டியிருந்தது. எரிவாயு நாற்றம். ஓடிப்போய் அடுப்பை மூடிவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்தேன். ரேவதி படுக்கையறையில் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் நைட்டி. தலை வாரவில்லை. “பால் வெச்சது மறந்துட்டேன் அத்தை” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்:

“அத்தை, நான் இல்லன்னா இவரு நல்லா இருப்பாருல்ல?”

அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். நாளைக்குக் கரண்ட் இருக்குமா என்று கேட்பதைப் போலக் கேட்டாள். ஏன் அவ்வளவு பயந்தேன் என்று பின்னால் எழுதுகிறேன். அப்போதும் நான் ஒன்றும் சாதுரியமாகச் சொல்லவில்லை. “யாரு சொன்னது அப்படி?” என்று மட்டும் கேட்டேன். “யாரும் சொல்லல. தோணிக்கிட்டே இருக்கு” என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் மேஜை இழுப்பறையில் இருந்த ஆஸ்பத்திரி அட்டையை அவளே எடுத்துக் காட்டினாள். ஐந்து தேதி எழுதியிருந்தது. ஒன்றில்தான் கையெழுத்து இருந்தது. மீதி நான்கும் வெறும் கட்டம்.

அன்றைக்கு புதன்கிழமை இல்லை. இருந்தாலும் ஆட்டோவைக் கூப்பிட்டேன், வடலூர் போய் பஸ் பிடித்தேன், டாக்டரம்மா வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். டோக்கன் இல்லை என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். “டோக்கன் இல்லாம வந்திருக்கேன், பாக்காம போவமாட்டேன்” என்றேன். ரேவதி கேட்ட கேள்வியை அவளிடம் மெதுவாகச் சொன்னேன். உடனே உள்ளே விட்டார்கள்.

டாக்டரம்மா அவளை மட்டும் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். உயிரை விடவேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்திருக்கிறாயா என்று வாய்விட்டே கேட்டாராம். நாம் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கமாட்டோம், எடுத்தால் புத்தி அங்கே போய்விடும் என்று பயப்படுவோம். கேட்பதால் புதிதாக எண்ணம் வராது, கேட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும் என்று டாக்டரம்மா எனக்கு விளக்கினார். ரேவதி, அப்படி எந்த யோசனையும் செய்யவில்லை, இல்லாமல் போனால் தேவலை என்று மட்டும் தோன்றுகிறது என்று சொல்லியிருக்கிறாள். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

“நாலு வாரமா ஏன் வரல?”

“மாத்திரை வேணாம்னு சொன்னீங்களாமே, அதனால ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினோம்” என்றேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “மாத்திரை இல்லாத வைத்தியம்னு சொன்னேம்மா. வைத்தியம் இல்லன்னு சொல்லல. இதுல மாத்திரை செய்யுற வேலைய மனுஷங்க செய்யணும். அதனால இதுக்குத்தான் ஆள் ஜாஸ்தி வேணும்.”

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்து, பிறகு டவுன்ஷிப் நூலகத்தில் உட்கார்ந்து படித்து, நானாகக் கற்றுக்கொண்டவள். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நிற்கும். பையில் இருந்த பால் கணக்கு நோட்டை எடுத்து டாக்டரம்மா சொன்னதை எழுதினேன். புரியாததை மூன்று தடவை கேட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும். ரேவதிக்கு இருப்பது லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் இருக்கிறது. இந்த அளவில் மாத்திரை இல்லாமல் முயன்று பார்க்கலாம். வாரம் ஒருமுறை பேச்சு வைத்தியம், அதில் அவள் மனதில் திரும்பத் திரும்ப வருகிற நினைப்பை எடுத்து வைத்து, அது நிஜமா என்று அவளே பார்க்கக் கற்றுக்கொள்வாள். தினமும் வெயில் ஏறுமுன் நடை. ஒரே நேரத்தில் தூக்கம், ஒரே நேரத்தில் விழிப்பு. நேரத்துக்குச் சாப்பாடு. முன்பு அவளாக விரும்பிச் செய்த ஏதாவது ஒரு சின்ன வேலை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நாளுக்கு ஒரு தடவை. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் தனியாக இருக்கக் கூடாது. இவ்வளவும் ஒழுங்காக நடந்து இரண்டு, மூன்று வாரத்தில் தேறாவிட்டாலோ, மறுபடி அப்படி ஒரு கேள்வியைக் கேட்டாலோ மாத்திரை. கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடியது இருக்கிறது, பிரசவ டாக்டரோடு கலந்து கொடுப்பேன், அப்போது வீட்டில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது என்றார். ஏற்கெனவே இதற்கு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் கர்ப்பமானதும் தாங்களாக நிறுத்துவதும் தவறு, கேட்டுத்தான் செய்யவேண்டும் என்றும் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன், வேறு யாருக்காவது உதவும்.

அன்று சாயந்தரம் அவளை நம் வடக்குத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். நீ வந்தாய். வந்ததும் அவளைப் பார்க்கவில்லை, என்னிடம் எகிறினாய்.

“யாரைக் கேட்டுக் கூட்டினு வந்த? பிளாக்குல என்ன பேசுவாங்க?”

“உன் பொண்டாட்டி என்ன பேசனான்னு கேளுடா மொதல்ல.”

“டாக்டரே மாத்திரை வேணாம்னுட்டாங்க. சும்மா போயி பேசிக்கினு வர்றதுக்கு மாசத்துக்கு நாலு லீவு எவன் குடுப்பான்? என்னன்னு லீவு எழுதறது? பொண்டாட்டி பேசணும்னு எழுதறதா?”

“எழுதேன். அதுல என்ன குறைஞ்சு போச்சு?”

“என்னைப் பெத்தப்ப நீ எந்த டாக்டர்கிட்ட போயி பேசிக்கினு இருந்த?”

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, ஜெயித்துவிட்டதைப் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனாய் பார். அதற்குப் பதிலை முப்பத்திரண்டு வருஷமாக யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன், நின்று படி.

உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது ஐந்தாம் மாதத்தில் இருந்து எனக்கு இதே நோய்தான் இருந்திருக்கிறது. பெயர் தெரியாது. காலையில் உன் அப்பா ஷிஃப்ட் பஸ் ஏறியதும் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் படுப்பேன். அவர் திரும்பி வரும் பஸ் சத்தம் கேட்டதும் எழுந்து சோறு வைப்பேன். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில் “சோர்வா இருக்கு” என்றேன், அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. ரத்தம் பார்த்தார்கள், நிஜமாகவே குறைவாக இருந்தது, சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். கையில் கவர் இருந்தது. அதனால் எனக்கு நோய் இருப்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நோய் வேறு, மாத்திரை வேறு. ‘நான் இல்லாவிட்டால் இந்த மனிதர் நன்றாக இருப்பார்’ என்று எனக்கும் தோன்றிக்கொண்டிருந்தது. அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ரேவதி சொல்லிவிட்டாள். அவள் என்னைவிடத் தைரியசாலி. அன்று நான் அவ்வளவு பயந்தது இதற்காகத்தான்.

நீ பிறந்த பிறகும் உடனே சரியாகவில்லை. நான்கு மாதம் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், கீழே வைத்தேன். பெற்ற பிள்ளைக்கு இதை எழுதக் கூடாது என்று உன் அப்பா சொன்னார். எழுதாமல் வைத்திருந்து என்ன லாபம்? நீ அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் லாபம்.

என்னை எழுப்பியது எதிர் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலி அக்கா. அவர்களுக்கும் எனக்கும் பேச்சே புரியாது, பாதி சொல் அவர்கள் சொன்னால் எனக்கு வேறு அர்த்தம், நான் சொன்னால் அவர்களுக்கு வேறு அர்த்தம். ஷிஃப்ட் பஸ் போன ஐந்தாவது நிமிஷம் வந்து கதவைத் தட்டுவார்கள். “ஏட்டி, எந்தி. சீலைய மாத்து. காய் வாங்கிட்டு வருவோம்.” “காய் இருக்குதுக்கா.” “இருந்தா இருக்கட்டும், வாங்காண்டாம், சும்மா பாத்துட்டு வருவோம்.” தினமும் மார்க்கெட் வரை நடத்திக்கொண்டு போய், ஒரு கட்டுக் கீரைகூட வாங்காமல் திருப்பிக் கூட்டி வருவார்கள். புத்தி ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் அழுதால் நடையை நிறுத்தமாட்டார்கள், கொஞ்சம் மெதுவாக நடப்பார்கள். நீ பிறந்தபின் உன்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியதும் அந்த அக்காதான். ஒன்பது மாதம் அந்த வேலையைச் செய்தார்கள். நான் பிழைத்தது அதனால்தான். அது வைத்தியம் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அதிர்ஷ்டத்தால் கிடைத்தது. எதிர் வீட்டில் அப்படி ஒருத்தி இல்லாவிட்டால்? உன் குவார்ட்டர்ஸின் எதிர் வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

இத்தனையும் பட்டவள்தான், மருமகளிடம் குடம் தூக்கிய கதை சொன்னேன். பட்டவர்களுக்குத் தெரியும் என்று நினைக்காதே. பட்டதை மறைத்து வைத்தவர்கள்தான் அடுத்தவளிடம் மிகவும் கடுமையாகப் பேசுகிறார்கள்.

உன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. மைன்ஸில் நீ கன்வேயர் பெல்ட் பார்க்கிறாய், உன் அப்பாவும் அதைத்தான் பார்த்தார். அடுத்த ஷிஃப்ட்டில் உன்னை விடுவிக்க வருகிற ரிலீவர் வந்து கையெழுத்துப் போடாமல் நீங்கள் இருந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஒரு தீபாவளியில் ரிலீவர் வரவில்லை என்று உன் அப்பா இன்னொரு ஷிஃப்ட்டும் நின்றார். நான் செய்த அதிரசம் கல்லாகிவிட்டது, அவர் நகரவில்லை. போகும்போது வாயாலும் சொல்வீர்கள், நோட்டிலும் எழுதுவீர்கள்: இந்த ரோலரில் சத்தம் வருகிறது, இந்த இடத்தில் சூடு இருக்கிறது, பார்த்துக்கொள். எதையும் மாற்றாமல், கழுவி, துடைத்து, காது வைத்துக் கேட்டு, மணிக்கு ஒருமுறை நடந்து பார்த்தே ஒரு பெல்ட்டை மாதக்கணக்காக ஓட்டுவீர்கள். புதுச் சாமான் வரவில்லை, அதனால் பெல்ட்டில் கோளாறே இல்லை என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பாயா? நிலக்கரி சுமக்கிற ரப்பருக்கு மூன்று ஷிஃப்ட்டும் ஆள். உன் பிள்ளையைச் சுமக்கிறவளை மாற்ற ஆள் இல்லாமல் விட்டுவிட்டுக் காலை ஐந்தேகாலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனாய்.

இதை நான் ரேவதியிடமும் சொன்னேன். “அத்தை, நான் என்ன பெல்ட்டா?” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று உனக்குத் தெரியுமா? உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு உன் அப்பா அவளை நடக்கக் கூட்டிப்போகிறார். அந்த வேலைக்கு அவர்தான் சரியான ஆள். மைன்ஸ் சத்தத்தில் காது போனவர், அவள் பேசுவது கேட்காது, அதனால் பதில் புத்தி சொல்லமாட்டார். அவள் முந்திரித்தோப்பு வரை ஏதோ பேசிக்கொண்டே போகிறாளாம், இவர் தலையை ஆட்டிக்கொண்டே வருகிறாராம். கல்யாணத்துக்கு முன் ரேவதி, பத்திரிகையில் வரும் சுடோகு என்கிற எண்கட்டக் கணக்கைத் தினமும் போடுவாளாம். இரண்டு வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தும் இது வெளியே வரவில்லை, டாக்டரம்மா கேட்டதும் வந்தது. பத்திரிகை போடச் சொல்லியிருக்கிறேன். சில நாள் நான்கு கட்டத்தோடு விட்டுவிடுகிறாள். விடட்டும். இரண்டு புதன்கிழமை நானே கூட்டிப்போனேன். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துத் துள்ளாதே. போன திங்கட்கிழமை அவள் எழுந்திருக்கவே இல்லை. நடைக்குப் போகவில்லை, பல் துலக்கவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். சாயந்தரம் எழுந்து வந்து “காபி இருக்கா அத்தை?” என்றாள். அந்த நாளுக்கு அது போதும் என்று டாக்டரம்மா சொன்னார்.

அவள் உன்னைக் கேட்கிறாள். உன்னைத் திட்டவில்லை, அது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, ஆனால் கேட்கிறாள். “அவரு பயந்துட்டாரு அத்தை” என்கிறாள். பயந்தவன்தான் நீ, எனக்கும் தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலும் தெர்மாமீட்டரை ஒளித்து வைப்பாய். பார்க்காவிட்டால் சூடு இருக்காது என்று நினைப்பு. முப்பத்திரண்டு வயதில் அந்த நினைப்பு ஆகாது.

இனி என்ன நடக்கவேண்டும் என்பதை எழுதுகிறேன். இதில் பேரம் கிடையாது.

வருகிற புதன்கிழமை ரேவதியைக் கடலூருக்குக் கூட்டிப்போகவேண்டியவன் நீ. லீவு எழுது. காரணம் கேட்டால் மனைவிக்கு வைத்தியம் என்று எழுது, அது பொய் இல்லை. பேச்சு முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார், போனை நோண்டாதே. டாக்டரம்மா உன்னை உள்ளே கூப்பிட்டால் போ. என்ன பேசினாய் என்று அவளைத் துருவாதே, அவளாகச் சொன்னால் கேள்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவள் நெல்லிக்குப்பத்துக்குத் தாய் வீடு போவாள். அவள் அம்மா இன்னும் ரத்தம் கம்மி என்றே நினைத்துப் பேரீச்சம்பழம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு இது கூடலாம், அப்போதுதான் இன்னும் கவனம் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொல்லாமல் அங்கே அனுப்புவது, நோட்டில் எழுதாமல் ஷிஃப்ட்டை மாற்றிவிடுவது போலத்தான். போய்ச் சொல்லவேண்டியவன் நீ. இந்த ஞாயிற்றுக்கிழமையே போ. போனில் சொல்லாதே. முதலில் திட்டுவார்கள், வாங்கிக்கொள்.

வளைகாப்புக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை ரேவதி சொல்வாள். பத்துப் பேர் என்றால் பத்துப் பேர். சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்குவது என் வேலை, எனக்கு அது பழக்கம்.

காலை நடை உன் அப்பா. சமையல், பகல் முழுக்க பக்கத்தில் இருப்பது, வாயை மூடிக்கொண்டு இருப்பது, மூன்றும் நான். மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டம், அதையும் செய்வேன். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் நீ குவார்ட்டர்ஸுக்குப் போகாமல் நேராக இங்கே வரவேண்டும். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் காலையில் வா. இரவில் அவள் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. நைட் ஷிஃப்ட் வாரத்துக்கு மட்டும் ஆள் மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேள். ஊருக்கெல்லாம் ஷிஃப்ட் மாற்றிக் கொடுத்தவன் நீ, உனக்கு ஒருவனாவது கொடுக்காமலா போவான்? கொடுக்காவிட்டால் அந்த இரவுகளில் அவள் பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன்.

ரேவதி செய்யவேண்டியது ஒன்றுதான். அந்த நினைப்பு வந்தால் எங்களில் யாரிடமாவது உடனே வாய்விட்டுச் சொல்லவேண்டும். எந்த நேரமானாலும். சொன்னால் உடனே கிளம்ப வேண்டியது நாம். புதன்கிழமை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாத்திரை வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு நாள் சொன்னால், அதை வாங்க வேண்டியவன் நீ. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எதற்கு என்று நீயோ நானோ நெல்லிக்குப்பமோ வாய் திறக்கக் கூடாது. வாங்கிய கவரைச் சட்டைக்குள் ஒளிக்காதே. கையில் பிடித்துக்கொண்டு பிளாக் நடுவே நடந்து வா. கேட்கிறவர்களுக்குப் பெயரைச் சொல். சொல்லவேண்டாம் என்று ரேவதி சொன்னால் மட்டும் சொல்லாதே.

ஃபிரிட்ஜில் இருக்கிற பீட்ரூட்டை எடுத்து மாட்டுக்குப் போடு.

நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து அறையில் அவள் தூங்குகிறாள், மூச்சு கேட்கிறது. மதியம் மணி ஒன்றேகால், இதை உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு மணிக்கு உன் ஷிஃப்ட் முடியும். ரிலீவர் வராமல் நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கப் போவதில்லை. வந்து மாற்றிவிட வேண்டியவன் நீ.

அம்மா